புது பிளேடு, பழைய கைப்பிடி

எய்ட்ஸ் பயம் சலூன்களில் பிளேடை மாற்றியது. கொரோனா பயம் கொஞ்ச நாளைக்குத் துண்டை மாற்றியது. நோய் பரப்பும் மற்ற சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

2020 ஏப்ரல். நாடு முழுவதும் ஊரடங்கு. இந்தூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்தில் உள்ள தன் கிராமத்தில் முடி வெட்டிக்கொண்டார். சில நாட்களில் அவருக்கு கொரோனா தொற்று உறுதியானது. அதே நாவிதரிடம் தலையைக் கொடுத்த மற்றவர்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்ததில் ஆறு பேருக்குத் தொற்று. எல்லோருக்கும் ஒரே துணியைப் போர்த்தியதுதான் காரணம் என்று செய்தி பரவியது. கிராமத்துக்கு சீல் வைக்கப்பட்டது. நாடெங்கும் நாவிதர்கள் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆனார்கள்.

ஆனால் துணி மீது விழுந்த பழி முழுக்க நியாயமானதல்ல. கொரோனா கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது என்பது பிற்பாடு தெளிவானது. சவரம் செய்பவரின் முகத்துக்கும் வாடிக்கையாளரின் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இருப்பதில்லை. அதற்கு அடுத்த மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. கொரோனா தொற்றிய இரண்டு சிகை அலங்காரப் பெண்கள், விஷயம் தெரியாமல், 139 பேருக்கு முடி வெட்டிவிட்டார்கள். அவர்களும் வாடிக்கையாளர்களும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். 139 பேரில் ஒருவருக்கும் நோய் அறிகுறி தென்படவில்லை. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

ஆக, கர்கோன் துண்டு அந்த ஒரு குற்றத்தில் நிரபராதியாக இருந்திருக்கலாம். மற்ற பல வழக்குகளில் அல்ல.

இந்திய சலூன்களைப் பயம்தான் திருத்தியிருக்கிறது, சட்டமல்ல. முதல் பயம் 1986ல் ஆரம்பித்தது. அந்த ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் தொற்று அதுதான். அடுத்த பத்தாண்டுகளில் எய்ட்ஸ் என்ற சொல் சந்து சலூன் வரை போய்ச் சேர்ந்தது. தோல் வாரில் தீட்டித் தீட்டி, ஊர் முழுவதற்கும் பயன்பட்ட சவரக்கத்தி மெல்ல விடைபெற்றது. அதன் இடத்தில் பிளேடு செருகும் கத்தி வந்தது. காகித உறையோடு பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியை வாடிக்கையாளர் கண் முன்னால் செருகுவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை, நட்சத்திர ஓட்டல் சலூனிலும் சாலையோர மரத்தடியிலும் இந்த ஒரு சடங்கு தவறுவதில்லை. வடக்கே, செங்கல்லைப் போட்டு வாடிக்கையாளரை உட்கார வைக்கும் தெருவோர நாவிதரின் கடைக்கு 'ஈன்டாலியன் சலூன்' என்று கேலிப் பெயர். இந்தியில் 'ஈன்ட்' என்றால் செங்கல். அந்த சலூனிலும் பிளேடு புதுசுதான்.

பொது சுகாதாரத்துக்கு இது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தக் கிருமிக்குப் பயந்து பிளேடு மாறியதோ, அந்த எச்.ஐ.வி. சலூன் மூலம் பரவுவது மிக மிக அரிது. உடலை விட்டு வெளியே வந்து காய்ந்துபோனால் அது சீக்கிரம் வலுவிழந்துவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒருவருக்கு: ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே அதற்குப் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மருத்துவமனை ஊழியர்களின் அனுபவத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். எச்.ஐ.வி. நோயாளிக்குப் போட்ட ஊசி ஊழியரின் கையில் குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருக்கும் நிலையில், நூற்றில் முப்பது வரை. சவரக் கீறல் ஊசிக் குத்தைவிட ஆபத்து குறைந்தது என்றாலும், இந்த இரண்டு கிருமிகளுக்கும் இடையிலான இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ல் இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. ஹெபடைடிஸ் சி தொற்றியவர்கள் 55 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படும். அதாவது வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து எந்த நாவிதரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லை தாண்டியும் இதே கதைதான். 2001ல் பாகிஸ்தானின் ராவல்பிண்டி, இஸ்லாமாபாத் நகரங்களில் ஹெபடைடிஸ் சி தொற்றிய ஆண்களை ஆராய்ந்தபோது, தேவையில்லாமல் போட்டுக்கொண்ட ஊசிகளோடு நாவிதரிடம் தினசரி சவரமும் காரணப் பட்டியலில் இடம்பெற்றது. சில ஆண்டுகள் கழித்து அதே நகரங்களின் சலூன்களில் உட்கார்ந்து கவனித்தவர்கள், கிட்டத்தட்டப் பாதி சவரங்களில் பழைய பிளேடே பயன்பட்டதைப் பதிவு செய்தார்கள். புது பிளேடுச் சடங்கு வேரூன்றிய இந்தியா அந்த விதத்தில் கொடுத்துவைத்த நாடு.

ஆனால் பிளேடோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. புது பிளேடு செருகப்படும் கைப்பிடியைக் கொஞ்சம் திறந்து பார்த்தால் தெரியும். பிளேடைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கில் நுரை, முடித்துகள், சில சமயம் ரத்தம். முந்தைய வாடிக்கையாளர் விட்டுச்சென்றவை. பிளேடு மாறுகிறது, அதைத் தாங்கும் உலோகம் மாலை வரை ஒரே குவளைத் தண்ணீரில் முங்கி முங்கி எழுகிறது. சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கப்படும் படிகாரக் கட்டி இதைவிட மோசம். ரத்தக் கசிவை நிறுத்தத்தான் படிகாரம். அப்படியென்றால் அது போகும் இடமெல்லாம் ரத்தம் கசியும் இடம்தான். ஒரு கட்டி பத்து நாள் வந்தால் எத்தனை கன்னங்களைப் பார்த்திருக்கும்? படிகாரமே கிருமிநாசினி என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு, நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களிலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிலும். கொஞ்சம் கிருமிகளை அது அடக்கும்தான். ஆனால் ஹெபடைடிஸ் வைரஸை ஒழிக்க அதை நம்ப முடியாது. படிகாரத்தைத் தூளாக்கி வைத்துக்கொண்டு, தேவையான அளவு பஞ்சில் தொட்டு வைத்துவிட்டு, பஞ்சைக் குப்பையில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

குவளைத் தண்ணீரில் சில சொட்டு டெட்டால் விட்டு அது வெண்மையாக மாறுவதைக் காட்டுவதும் பல கடைகளின் வழக்கம். வாசனையும் நிறமும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அழுக்கேறிய தண்ணீரில் கலந்த சில சொட்டு மருந்துக்குக் கத்தியைச் சுத்தப்படுத்தும் பலம் கிடையாது. அதே போன்ற நம்பிக்கைதான் ஏ.சி. சலூன்களில் நீல வெளிச்சம் எரியும் 'ஸ்டெரிலைசர்' பெட்டி. உண்மையான புறஊதா விளக்காகவே இருந்தாலும் (பல பெட்டிகளில் வெறும் நீல பல்ப் எரிவதும் உண்டு) அந்த ஒளி நேராக விழும் பரப்பைத்தான் சுத்தம் செய்யும். சீப்பின் பல்லிடுக்கிலும் கத்தரிக்கோலின் மூட்டிலும் நிழல் விழும் இடமெல்லாம் கிருமிகளுக்குப் பாதுகாப்பான இடம். சுத்தம் செய்த கருவிகளை எடுத்து வைக்க அது நல்ல அலமாரி, அவ்வளவுதான்.

சுத்தம் செய்வது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை தெரியாததால்தான் பாதி முயற்சி வீணாகிறது. முதலில் சோப்பும் தண்ணீரும் பிரஷ்ஷும்: முடி, எண்ணெய், ரத்தக் கறை எல்லாம் போக வேண்டும். அழுக்கின் அடியில் கிருமிநாசினி இறங்காது. தேய்த்துக் கழுவி உலர்த்திய பிறகுதான் மருந்து. உலோகக் கருவிகள் என்றால் 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிடம் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். துடைத்துவிட்டு உடனே எடுப்பதில் பயனில்லை. (தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் எட்டவே வைக்க வேண்டும்.) வசதியில்லாத இடத்தில் இருபது நிமிடம் கொதிக்க வைப்பது நல்ல மாற்று. ரத்தம் சிந்திய தரைக்கும் மேஜைக்கும் ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல், பத்து நிமிடம். அதை உலோகத்தில் விட்டால் துருப்பிடிக்கும். ஆகவே ஒரு செட் கருவிகள் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று ஊறும்போது மற்றது வேலை செய்யும். சின்னக் கடைக்காரர் திணறுவது இந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேர் பெஞ்சில் காத்திருக்க, பத்து நிமிடம் கத்தியை ஊறப்போடு என்று சொல்வது சுலபம்.

1940களில் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த மாரிஸ் கிங் என்பவர் 'பார்பிசைட்' என்ற நீல நிறக் கரைசலைத் தயாரித்தார். உயரமான கண்ணாடி ஜாடியில் சீப்புகள் மிதக்கும் அந்த நீலம் அமெரிக்க சலூன்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காரணம் கரைசலின் மகிமை மட்டுமல்ல. அங்கே முடி வெட்டப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்க வேண்டும். கருவிகளைக் கிருமிநாசினியில் போடாவிட்டால் உரிமத்துக்கு ஆபத்து. இங்கே கடைக்கு நகராட்சி உரிமம் உண்டு, கைக்கு உரிமம் கிடையாது. தந்தையிடமிருந்து மகனும் முதலாளியிடமிருந்து பையனும் கற்றுக்கொள்கிற தொழில் இது. பழக்கங்களும் கூடவே கைமாறுகின்றன.

முரண் என்னவென்றால், இந்தக் கைகள் ஒரு காலத்தில் வைத்தியம் பார்த்தவை. தமிழ்நாட்டில் இந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்று பெயர். ஆண்கள் கட்டிக்குக் கீறி மருந்து வைத்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் நாவிதர்தான் அறுவை வைத்தியர். லண்டனில் இரு தொழிலும் பிரிந்தது 1745ல்தான். அறுவை வைத்தியம் கைகழுவலையும் கருவிகளைக் கொதிக்கவைப்பதையும் கற்றுக்கொண்டு மேலே போய்விட்டது. சவரம் அந்த வகுப்புக்கு அழைக்கப்படவே இல்லை.

துண்டுக்கும் மெஷினுக்கும் வருவோம். இந்தியத் தோல் மருத்துவர்களுக்குக் கடந்த பத்தாண்டுகளில் பெரும் தலைவலி படர்தாமரை. வழக்கமான மருந்துக்கு மசியாத புது வகைப் பூஞ்சைக்கு 2020ல் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயரிலேயே இந்தியா. மருந்துக் கடைகளில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்த ஸ்டீராய்டு கலந்த களிம்புகளே இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் பூஞ்சை ஒரு தோலிலிருந்து இன்னொரு தோலுக்குப் போக வாகனம் வேண்டுமே? பகிர்ந்துகொள்ளும் துண்டும் துணியும் நல்ல வாகனங்கள். தலையை ஒட்ட மழிக்கும் 'ஃபேட்' கட்டிங் மெஷின் இன்னொன்று. 2020களில் ஸ்பெயினிலும் பிரிட்டனிலும் இளைஞர்களின் பின்னந்தலையிலும் கழுத்திலும் படர்தாமரை கிளம்ப, சரியாகச் சுத்தம் செய்யாத சலூன் மெஷின்கள் மீது விரல் நீண்டது. கிரிக்கெட் வீரர்களைப் பார்த்து அதே ஸ்டைலைக் கேட்கும் பையன்கள் இந்தியாவில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மெஷினின் வெட்டும் பல்லைக் கழற்றி, முடியைத் துலக்கி, மருந்து தெளித்துக் காயவைக்க ஐந்து நிமிடம் கூடத் தேவையில்லை. ஆனால் நாள் முழுக்க அது கழற்றப்படுவதே இல்லை. துண்டுகளைச் சோப்பு போட்டு வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் துண்டுகளுக்குத்தான். முப்பது வாடிக்கையாளருக்கு நான்கு துண்டு என்ற கணக்கில் எது காயும்?

பெண்களின் பியூட்டி பார்லர்களில் வேறு கருவிகள், வேறு ஆபத்துகள். புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது பழைய முறை. எச்சில் பட்ட நூல், இழுத்துச் சிவந்த தோல். புருவத்தை ஒட்டி வரிசையாக மருக்கள் முளைத்த பெண்களைப் பற்றித் தோல் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் முறை வந்து பல ஆண்டுகள் ஆகியும், வேகத்துக்காகப் பல்லை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், பிரபல சிகை அலங்காரக் கலைஞர் ஒருவர் தண்ணீருக்குப் பதிலாக ஒரு பெண்ணின் தலையில் துப்பிக் காட்டிய வீடியோ நாட்டையே கொதிக்க வைத்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். பல்லில் கடித்த நூலைப் பார்த்து யாரும் கொதிப்பதில்லை. வாக்சிங் செய்யும்போது தோலில் தடவிய குச்சியையே மறுபடி மெழுகுப் பாத்திரத்தில் விடுவதும் அதே ரகம். மெழுகின் சூடு கிருமியைக் கொன்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. தோல் தாங்கும் சூட்டைக் கிருமியும் தாங்கும்.

பெடிக்யூர் தொட்டி பற்றிக் கலிஃபோர்னியாவுக்கு ஒரு கசப்பான அனுபவம். 2000ல் அங்கே ஒரே நகப் பராமரிப்புக் கடையின் வாடிக்கையாளர்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் காலில் ஆறாத கட்டிகள். தண்ணீரைச் சுழற்றும் தொட்டியின் வடிகட்டித் தகட்டுக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் அழுக்கிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான ஒரு பாக்டீரியா குடியிருந்தது. தகட்டைக் கழற்றிக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. கட்டி வந்தவர்களில் அதிகம் பேர், பெடிக்யூருக்கு முன்பு காலை மழித்துக்கொண்டவர்கள். இந்திய நகர மால்களில் அதே வகைத் தொட்டிகள் வந்து நெடுநாள் ஆகிறது.

இதில் எல்லாம் வாடிக்கையாளரைப் பற்றியே பேசுகிறார்கள். நாள் முழுக்க அந்தக் கடையில் நிற்பவரின் நிலைமை? பிளேடை ஒடிக்கும்போதும் மாற்றும்போதும் விரல் கிழிவது தொழிலோடு பிறந்தது. வாடிக்கையாளருக்கு மாதத்துக்கு ஒரு முறை வரும் ஆபத்து, தொழிலாளிக்கு ஒரு நாளில் முப்பது முறை. ஷாம்பு, ஹேர் டை ஆகியவற்றால் விரலிடுக்கில் வெடித்துப் புண்ணான தோல் கிருமிக்குத் திறந்த கதவு. ஆறு மாதத்தில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இவர்களுக்கு மலிவான காப்பீடு. நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2011லிருந்து இலவசமாகப் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் விடுபட்டவர்கள். 2018ல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் சிகிச்சையையும் இலவசமாகத் தருகிறது. மருத்துவ ஊழியர்களுக்குத் தடுப்பூசியும் தருகிறது. அதே ரத்தத்தோடு வேலை செய்யும் நாவிதர் அந்தப் பட்டியலில் இல்லை.

அரசாங்கத்துக்கு ஒரு வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் நாவிதத் தொழிலும் ஒன்று. ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய். ஏழு நாளில் அரை நாளைக் கருவி சுத்தத்துக்கும் முதல் தவணை ஊசிக்கும் ஒதுக்கினால் பெரிய செலவில்லை. 15,000 ரூபாயில் இரண்டாவது செட் கத்தியும் ஒரு டஜன் துண்டும் தாராளமாக அடங்கும். பாடம் எந்த மொழியில் என்பதும் முக்கியம். சென்னை, பெங்களூர், கொச்சி சலூன்களில் கத்தி பிடிக்கும் இளைஞர்களில் பலர் உத்தரப் பிரதேசம், பீகார்க்காரர்கள். சுவரில் ஒட்டிய உள்ளூர் மொழி போஸ்டர் அவர்களுக்குப் படம் மட்டுமே.

கொரோனா காலத்தில் அதிகாரிகளின் கவனம் வேறு பக்கம் போனது. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் சலூன்கள் திறந்தபோது முடி வெட்ட வருகிறவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் எழுதிவைக்கச் சொன்னார்கள். நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. ஒருமுறை போர்த்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் போர்வை, கையுறை, வாசலில் சானிடைசர் எல்லாம் வந்தன. போர்வைக்குத் தனிக் கட்டணம் கேட்டபோது வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். பயம் குறைந்தது. போர்வை போய்விட்டது, பழைய துணி திரும்பிவிட்டது.

இன்னொருவர் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. ஒடித்த பிளேடு சவரம் முடிந்ததும் எங்கே போகிறது? நுரைக் காகிதத்தில் சுருட்டி, முடியோடு சேர்த்துத் தெருமுனைத் தொட்டிக்கு. மருத்துவமனை ஊசிகளைத் தனியாகப் பிரிக்க விதிகளும் நிறப் பெட்டிகளும் இருக்கின்றன. சலூன் பிளேடு வீட்டுக் குப்பையோடு குப்பை. கடைக்கு ஒரு பழைய தகர டப்பா, மூடியில் ஒரு பிளவு, நிரம்பியதும் ஒட்டி மூடி 'பிளேடு' என்று எழுதித் தனியாகக் கொடுத்தால் போதும். பெரும்பாலான கடைகளில் அது இல்லை. காலையில் தொட்டியைக் கிளறிப் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் கையில் பெரும்பாலும் கையுறையும் இல்லை.